பிளாட்டன்: மண் மூடிய ஊரும் மூடாத ஊராட்சியும்

கேள்வி இதுதான்: "2025 மே மாதம் பனியாறு சரிந்து புதைந்துபோன பிளாட்டன் என்ற சுவிஸ் கிராமம் எங்கே இருக்கிறது? அதன் வரலாறு என்ன? எத்தனை பேர் வாழ்ந்தார்கள்? ஊரே போன பிறகு அது இன்னும் தனி ஊராட்சியாகக் கணக்கில் இருக்கிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. ஊராட்சித் தலைவர் இருக்கிறார், மன்றம் இருக்கிறது, குடியிருப்போர் பதிவேடு இருக்கிறது. வீடுகள்தான் பெரும்பாலும் இல்லை. கேட்பதற்கு விநோதமாகத் தோன்றும். ஆனால் சுவிட்சர்லாந்தில் 'கெமைண்டே' என்று சொல்லும் ஊராட்சி எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டால் அந்த விநோதம் போய்விடும். அதற்கு பிளாட்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தென்மேற்கு சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில் இரண்டு பிளாட்டன்கள் உண்டு. பிரிக் நகருக்கு மேலே, நாட்டர்ஸ் ஊராட்சியைச் சேர்ந்த பிளாட்டன் ஒன்று. பெல்ஆல்ப் மலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் கேபிள் கார் ஏறுவார்கள். அது நலமாக இருக்கிறது. நாம் பேசுவது லோட்சென்தால் பள்ளத்தாக்கின் பிளாட்டனைப் பற்றி. 'பிளாட்டன்' என்றால் தட்டையான பாறை, பாறைத்தட்டு என்று பொருள். மலைநாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் எங்கும் இருப்பதால் பெயரும் திரும்பத் திரும்ப வருகிறது.

ரோன் நதி வாலிஸ் மாநிலத்தை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு வடக்கே பிரியும் கிளைப் பள்ளத்தாக்குகளில் பெரியது லோட்சென்தால். நீளம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அதில் ஓடும் ஆற்றின் பெயர் லோன்சா. மருந்துத் துறையைக் கவனிப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழகியிருக்கும். கோவிட் காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கான மூலப்பொருளைத் தயாரித்த லோன்சா நிறுவனம் இந்த ஆற்றின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. 1897-ல், ஆறு ரோன் சமவெளிக்கு இறங்கும் கம்பெல் என்ற ஊரில், இந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத்தான் அந்த நிறுவனம் தொடங்கியது.

பள்ளத்தாக்கின் வாய் மிகக் குறுகலானது. கோப்பன்ஸ்டைன் ரயில் நிலையத்தில் இறங்கி மஞ்சள் நிற போஸ்ட்பஸ்ஸில் ஏறினால், முதலில் இருபுறமும் பாறைச் சுவர்தான். திடீரென்று திரை விலகியதுபோல் பள்ளத்தாக்கு விரியும். ஃபெர்டன், கிப்பெல், வீலர், பிளாட்டன் என்று நான்கு ஊராட்சிகள் வரிசையாக வரும். நான்கையும் சேர்த்தாலும் சுமார் 1,500 பேர்தான். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே, 1,540 மீட்டர் உயரத்தில் இருந்தது பிளாட்டன். நம் கொடைக்கானலைவிடவும் தாழ்வுதான். ஆனால் அட்சரேகை வேறு. இங்கே அந்த உயரத்திலேயே குளிர்காலம் அரை வருடம் நீளும்.

பிளாட்டன் ஊராட்சியின் பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர். இதைப் படித்துவிட்டு பெரிய ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி பனியாறும் வெறும் பாறையும். பள்ளத்தாக்கின் தலைப்பகுதி முழுவதும், லாங் பனியாறு இறங்கிவரும் லோட்சென்லுக்கே கணவாய் வரை, இந்த ஊராட்சியின் கணக்கில்தான் வருகிறது. ஆட்கள் வாழ்ந்தது ஆற்றோரத்துத் தாய்க் கிராமத்திலும் ரீட், ஐஸ்டன், வைஸன்ரீட் போன்ற சிற்றூர்களிலும். மேலே போகப் போக கூமாட் என்ற இடத்தில் 17ஆம் நூற்றாண்டு யாத்திரைக் கோயில் ஒன்று, அதற்கும் மேலே ஃபாஃப்லர்ஆல்ப் என்ற கோடைக்கால மேய்ச்சல் குடியிருப்பு. 90 சதுர கிலோமீட்டருக்கு 300 பேர் என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர் கணக்கு. நாட்டின் சராசரி 200-க்கு மேல்.

ஊருக்குத் தெற்கே நிற்கும் மலை பீட்ச்ஹோர்ன், 3,934 மீட்டர். இதன் உச்சியை முதன்முதலில் 1859 ஆகஸ்டில் தொட்டவர் லெஸ்லி ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை. வரலாற்றில் அவர் பெயர் முன்னால் நிற்கிறது. கூடவே ஏறி வழிகாட்டியவர்கள் சீகன், ஏபனர் என்ற குடும்பப் பெயர்களைக் கொண்ட உள்ளூர்க்காரர்கள். இந்தக் குடும்பப் பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பீட்ச்ஹோர்னுக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக, கிளைனஸ் நெஸ்ட்ஹோர்ன் என்ற சிகரம் இருக்கிறது, 3,341 மீட்டர். அதன் மடியில் பிர்ச் என்ற சிறிய, செங்குத்தான பனியாறு தொங்கிக்கொண்டிருந்தது.

வரலாற்றுக்கு வருவோம். ஆவணத்தில் ஊரின் பெயர் முதலில் தென்படுவது 1433-ல். ஆட்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. 13, 14ஆம் நூற்றாண்டுகளிலேயே லோட்சென்தால்காரர்கள் மலைகளைக் கடந்து வடக்கே பெர்ன் பக்கத்து உயர்நிலங்களில் போய்க் குடியேறியிருக்கிறார்கள். 'லோட்சர்' என்றே அவர்களுக்கு அங்கே பெயர். ஆள் அனுப்பும் அளவுக்கு இங்கே ஆள் இருந்திருக்கிறது.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தப் பகுதியை ஆண்ட பிரபுக் குடும்பம் துரத்தப்பட்டபின், மேல் வாலிஸின் ஐந்து மாவட்டங்கள் லோட்சென்தாலைக் கைப்பற்றின. சுதந்திரம் என்றால் சுவிஸ் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விடுதலைக்காகப் போராடியதாகப் பெருமை பேசிய அதே மலைமக்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கை நானூறு ஆண்டுகள் அடிமை நிலமாக வைத்திருந்தார்கள். 1790-ல்தான் லோட்சென்தால்காரர்கள் பணம் கொடுத்துத் தங்கள் உரிமையை வாங்கினார்கள். வாலிஸ் மாநிலமே சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது 1815-ல்.

சமயத்தால் எல்லோரும் கத்தோலிக்கர். பல நூற்றாண்டுகள் முழுப் பள்ளத்தாக்குக்கும் ஒரே பங்குக் கோயில் கிப்பெலில் இருந்தது. திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் பிளாட்டன்காரர்கள் கிப்பெலுக்குத்தான் நடக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவர்களிடம் வேலை வாங்கிய ஆண்டைகள் மாறினார்கள். ஊருக்குள் மட்டும் கணக்கு வழக்கு ஊராரின் கையிலேயே இருந்தது. இதைச் சொல்லும்போது நான் கிப்பெல் அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'டெஸ்ஸல்' என்று பெயர். முழ நீளம்கூட இல்லாத ஒரு மரத்துண்டு, நான்கு பக்கமும் சீவியது. ஒரு பக்கத்தில் ஒரு குடும்பத்தின் குறி: ஒரு குறுக்குக்கோடு, ஒரு முக்கோணம், ஒரு புள்ளி என்று எழுத்தில்லாத கையெழுத்து. இன்னொரு பக்கத்தில் வெட்டுகள். முழு வெட்டு என்றால் மேய்ச்சல் மலையில் ஒரு பசுவுக்கான உரிமை. பாதி வெட்டு என்றால் அரைப் பசு. அரைப் பசு என்றால்? இரண்டு பேர் சேர்ந்து ஒரு பசுவை அனுப்பலாம், அல்லது ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். தண்ணீர் முறைக்கும் டெஸ்ஸல் உண்டு, ஊர்ப் பொதுவேலைக்கு யார் எத்தனை நாள் வந்தார் என்பதற்கும் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அது பளபளவென்று இருந்தது. தேய்த்து மெருகேற்றிய பளபளப்பு இல்லை, பல தலைமுறை விரல்கள் தடவிப் பார்த்த பளபளப்பு. யாருக்கு எவ்வளவு என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருட்டில்கூடத் தடவிச் சொல்லிவிடலாம்.

இப்படிக் கால், அரை என்று கணக்குப் பார்க்க வேண்டி வந்ததற்குக் காரணம் வாலிஸின் வாரிசு முறை. எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, சமபங்கு. நியாயமான முறைதான். ஆனால் நான்கு தலைமுறையில் ஒரு வயல் கைக்குட்டை அளவு ஆகிவிடும். ஒரே மர வீட்டில் கீழ்த்தளம் ஒருவருக்கு, மேல்தளம் இன்னொருவருக்கு, தானியக் களஞ்சியத்தில் எட்டில் ஒரு பங்கு மூன்றாமவருக்கு. தனியாக யாரும் பிழைக்க முடியாது. வாய்க்கால் வெட்டுவது, பனிச்சரிவில் உடைந்த பாதையைச் சரிசெய்வது, மேய்ச்சல் மலைக் கற்களைப் பொறுக்கிப் போடுவது எல்லாம் வீட்டுக்கு ஒருவர் வந்து சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சுவிஸ் ஊராட்சியின் வேர் இந்த வேலையில்தான் இருக்கிறது. அரசாங்கம் மேலிருந்து கோடு போட்டுப் பிரித்த நிர்வாக அலகாக அது பிறக்கவில்லை. தண்ணீரையும் புல்லையும் காட்டையும் பங்கிட்டுக்கொள்ள ஊரார் கூடிய கூட்டம், காலப்போக்கில் சட்டம் அங்கீகரித்த ஊராட்சியாக ஆனது.

அந்தத் தானியக் களஞ்சியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாட்டனை நேரில் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவைதான். லார்ச் மரத்தில் கட்டியவை. வெயில் பட்டுப் பட்டு தெற்குப் பக்கம் கரிக்கட்டை நிறமாகவும் மற்றப் பக்கம் தேன் நிறமாகவும் இருக்கும். குட்டையான மரக்கால்கள்மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான, தட்டையான ஒரு கல். எலி காலில் ஏறும், கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்க முடியாமல் விழுந்துவிடும். உள்ளே இருப்பது ரை என்ற தானியம். கோதுமை விளையாத குளிர் மண்ணில் அதுதான் சோறு. ரை ரொட்டியை வருடத்துக்குச் சில முறை மட்டும் ஊர்ப் பொது அடுப்பில் மொத்தமாகச் சுட்டு, மாதக்கணக்கில் காயவைத்துச் சாப்பிட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் இங்கே வந்த வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று வளர்ந்த இந்தக் குழந்தைகளின் பல்லில் சொத்தை இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று வியந்தார்.

அதே காலத்தில் வெளியுலகம் பள்ளத்தாக்கின் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. பெர்னையும் வாலிஸையும் இணைக்கும் 14.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் ரயில் சுரங்கம் 1913-ல் திறந்தது. அதன் தென்வாசல் கோப்பன்ஸ்டைன். சுரங்கம் தோண்டும்போதே 1908 பிப்ரவரி 29 அன்று கோப்பன்ஸ்டைனில் பனிச்சரிவு விழுந்து 12 பேர் இறந்தார்கள். ரயில் வந்தாலும் கார் சாலை பள்ளத்தாக்கின் கடைசி ஊரான பிளாட்டனை எட்டியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். சாலை வந்ததும் வாழ்க்கை முறை மாறியது. ஆண்கள் ரோன் சமவெளியின் ரசாயன, அலுமினியத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள், வந்து மாட்டையும் பார்த்துக்கொண்டார்கள். தொழிலாளியும் விவசாயியும் ஒரே ஆள். பெண்கள் இரண்டு மடங்கு உழைத்தார்கள். பிறகு ரை வயல்கள் புல்வெளி ஆயின, களஞ்சியங்கள் விடுமுறை வீடுகள் ஆயின, பீட்ச்ஹோர்னைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். 2001-ல் யுங்ஃப்ராவ்-அலெச் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்தப் பகுதி பிளாட்டன் எல்லைக்கும் நீண்டது.

இத்தனை மாற்றத்திலும் கைவிடாத ஒன்று செக்கேத்தா என்ற முகமூடி வழக்கம். பிப்ரவரி 2-ஆம் தேதிக்குப் பிறகு, தவக்காலம் தொடங்கும் வரை, இருட்டியதும் ஊர்த்தெருவில் மாட்டு மணிச் சத்தம் கேட்கும். மாடு வராது. ஆட்டுத்தோலைப் போர்த்தி, இடுப்பில் மணி கட்டி, பைன் மரத்தில் செதுக்கிய கோரமான முகமூடி போட்ட ஆள் வருவார். கோணல் வாய், நிஜமான மாட்டுப் பல், துருத்திய கண். பிடித்துக்கொண்டால் முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவார். முன்பு இது கல்யாணமாகாத இளைஞர்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு. இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. வருடத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு எல்லா முகமூடிகளும் பிளாட்டனிலிருந்து ஃபெர்டன் வரை ஓடி இறங்குவது வழக்கமாக இருந்தது.

இனி மக்கள்தொகை. "சுமார் 300" என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆனால் சுவிஸ் சிற்றூர்களில் அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று கணக்கு இருக்கிறது. ஒன்று, அங்கே நிரந்தரமாகக் குடியிருந்து பதிவு செய்தவர்கள். யாராவது குடிவந்தால் 14 நாளைக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அரசு வெளியிடும் எண் இந்தப் பதிவேட்டிலிருந்து வருவது. பிளாட்டனில் அவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஜெர்மன் பேசுகிறவர்கள். அதுவும் பெர்ன்காரருக்கே சிரமமான, பழைய ஒலிகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் லோட்சென்தால் வழக்கு. இரண்டாவது, விடுமுறை வீடு வைத்திருப்பவர்கள். இவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள், ஆனால் ஆகஸ்டில் ஊரில் இருப்பார்கள். மூன்றாவது கணக்குதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: பூர்விக உரிமை உள்ளவர்கள்.

சுவிஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பிறந்த ஊர் இருக்காது. 'ஹைமாட்ஓர்ட்' என்று ஒன்று இருக்கும். உங்கள் முன்னோர் எந்த ஊராட்சியின் குடியுரிமை பெற்றிருந்தார்களோ அந்த ஊர். சூரிச்சில் பிறந்து ஜெனீவாவில் வேலை பார்த்து, பிளாட்டனில் ஒரு இரவுகூடத் தங்காத ஒருவரின் பாஸ்போர்ட்டில் பிளாட்டன் என்று இருக்கலாம். இந்த நாட்டில் குடியுரிமை என்பதே ஊராட்சியில் தொடங்கி, மாநிலத்துக்குப் போய், கடைசியில் நாட்டுக்கு வருகிறது. வெளிநாட்டவர் குடியுரிமை கேட்டாலும் மூன்று படியையும் தாண்ட வேண்டும். பீட்ச்ஹோர்னில் வழிகாட்டிய சீகன், ஏபனர் குடும்பங்களைப் போல, பெல்வால்ட், ரீடர், ரிட்லர், தன்னாஸ்ட், ஹென்சன் என்று லோட்சென்தாலின் பெயர்களைத் தாங்கியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஊரில் வாக்குரிமை உள்ள எல்லோரும் கூடி வரவுசெலவையும் பெரிய முடிவுகளையும் நிறைவேற்றும் சபைக்கு வாலிஸில் 'ஊர்ஃபர்சாம்லுங்' என்று பெயர். ஜெர்மனில் அந்த முதல் அசைக்கு 'ஆதி' என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது 'ஊர்' என்றே விழுவது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும்.

2025 மே மாதத்துக்கு வருகிறேன். பிர்ச் பனியாறு 1990-களிலிருந்தே கண்காணிப்பில் இருந்தது. மற்றப் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது கீழ்நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஆண்டுக்கணக்கில் விழுந்த பாறைத்துண்டுகள் அதன் கீழ்ப்பகுதியை மூடி, வெயிலிலிருந்து காத்தன, கூடவே தங்கள் பாரத்தால் அழுத்தின. மே நடுவில் கிளைனஸ் நெஸ்ட்ஹோர்னின் ஒரு பகுதியே நகர்வது தெரிந்தது. முதலில் சில வீடுகளையும், மே 19 அன்று ஊரில் இருந்த சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். மாடுகளையும் இறக்கினார்கள். காலில் அடிபட்ட ஒரு பசு ஹெலிகாப்டரில் போனது. 'ஒரு வாரத்தில் வந்துவிடலாம்' என்று நினைத்து மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர்.

அடுத்த ஒன்பது நாளில் சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை சிறிது சிறிதாகப் பனியாற்றின்மேல் விழுந்து குவிந்தது. அந்தச் சுமையைத் தாங்காமல் பனியாறு வேகம் எடுத்தது. கடைசி நாளில் அது 24 மணி நேரத்துக்குப் பத்து மீட்டர் என்ற கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தது. மே 28, பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன்பு எல்லாம் ஒன்றாக இறங்கியது. பனியும் பாறையுமாகச் சுமார் 90 லட்சம் கன மீட்டர். நாட்டின் நில அதிர்வு நிலையங்கள் அதை 3.1 அளவுள்ள அதிர்வாகப் பதிவு செய்தன. சரிந்தது பள்ளத்தாக்கின் அடியைக் கடந்து எதிர்ச்சரிவிலும் ஏறியது. ஊரின் 90 சதவீதம் மூடியது. ஆறு அடைபட்டதால் பின்னால் ஏரி ஒன்று எழும்பி, தப்பியிருந்த வீடுகளில் பலவற்றையும் மூழ்கடித்தது. சரிவு விழுந்த பகுதியில் இருந்த 64 வயது உள்ளூர்க்காரர் ஒருவர் உயிரிழந்தார். முன்கூட்டி வெளியேற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அன்று மாலை ஊராட்சித் தலைவர் மத்தியாஸ் பெல்வால்ட், 'ஊரை இழந்துவிட்டோம், நெஞ்சை இழக்கவில்லை' என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சை நான் நேரலையில் கேட்டேன். உணர்ச்சிவசப்பட்டு சொல்கிறார் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. பிறகுதான் புரிந்தது, அவர் சட்டப்படி சரியாகவும் பேசியிருக்கிறார். வீடுகள் போனதால் ஊராட்சி கலைந்துவிடாது. 1912-ல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடிமைச் சட்டத்தின் 660ஆம் பிரிவு, ஒரு மனையிலிருந்து இன்னொரு மனைக்கு மண் சரிந்து வந்தாலும் மனைகளின் எல்லை மாறாது என்கிறது. மலைகள் நகரும் நாட்டுக்கு அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே இடிபாட்டுக்கு அடியில், எட்டில் ஒரு பங்குக் களஞ்சியம் நின்ற இடமும் பதிவேட்டில் அதே அளவோடு, அதே உரிமையாளர்களின் பெயரில் இருக்கிறது.

ஆட்களோ வீலர், கிப்பெல், ஃபெர்டன் என்று கீழ் ஊர்களிலும் உறவினர் வீடுகளிலும் விடுமுறைக் குடியிருப்புகளிலும் தங்கினார்கள். நாடாளுமன்றம் ஜூன் மாதத்திலேயே 50 லட்சம் ஃபிராங்க் உடனடி உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் சேதத்தைச் சுமார் 32 கோடி ஃபிராங்க் என்று மதிப்பிட்டது. ஊராட்சி மன்றம், 2030-ஐ ஒட்டிப் புதிய ஊருக்குத் திரும்பும் திட்டத்தை முன்வைத்தது. 300 பேருக்காக இவ்வளவு செலவு தேவையா என்று நாளிதழ்களில் விவாதம் நடந்தது. கேட்கத் தகாத கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். மேலே இன்னும் பாறை தளர்வாக இருக்கிறது, நிரந்தர உறைமண் உருகிக்கொண்டிருக்கிறது, எங்கே கட்டுவது பத்திரம் என்பதைப் புவியியலாளர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பிளாட்டனை 300 படுக்கைகளாக மட்டும் பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம்.

சுவிஸ் ஊராட்சிகள் சாவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 3,200 அளவில் இருந்தவை, 2025 தொடக்கத்தில் 2,121 ஆகக் குறைந்துவிட்டன. பெரும்பாலானவை ஆள் இல்லாமலும் பதவிக்கு வர யாரும் முன்வராமலும் பக்கத்து ஊராட்சியோடு இணைந்தவை. டிசினோ மாநிலத்தின் கொரிப்போ, நாட்டிலேயே சிறிய ஊராட்சியாகச் சுமார் பத்துப் பேரோடு 2020 வரை தாக்குப்பிடித்து, பிறகு இணைந்தது. அங்கே கல்வீடுகள் ஒன்றும் விழவில்லை. அழகாக அப்படியே நிற்கின்றன. மாறாக, 1806-ல் மலை சரிந்து 457 பேரைப் பலிகொண்ட கோல்டாவ் திரும்ப எழுந்தது, இன்று அங்கே பெரிய ரயில் சந்திப்பு இருக்கிறது. 2000 அக்டோபரில் 13 பேரை இழந்த கோண்டோவும், ஆட்கள் குறைந்தாலும், இத்தாலிய எல்லையில் தனி ஊராட்சியாக நீடிக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. பிளாட்டனுக்கு அடுத்த ஊர் வீலர். 1900 ஜூன் மாதம் அங்கே தீப்பிடித்து, நெருக்கமாக நின்ற மர வீடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பற்றி, ஊரே எரிந்து போனது. அதனால்தான் இன்றைக்கு வீலர் போகிறவர்களுக்குப் பழைய கறுப்பு வீடுகள் அதிகம் கண்ணில் படுவதில்லை. அங்கே இருப்பவை அதற்குப் பிறகு, அதே மனைகளில், அதே குடும்பங்கள் கட்டியவை. 2025 மே மாதம் கதவு திறந்து பிளாட்டன்காரர்களை உள்ளே விட்ட வீடுகளில் பல அந்த வீலரில்தான் இருக்கின்றன.